பொதிகைக்குக் கீழே: தாமிரபரணி வடிநிலத்தின் புவியியல்

தாமிரபரணியின் நீளம் சுமார் 125 கிலோமீட்டர். பொதிகை மலையில் ஏறத்தாழ 1,725 மீட்டர் உயரத்தில் உள்ள பூங்குளம் என்னும் சிறு சுனையில் தோன்றி, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பாபநாசத்தில் மலையை விட்டு வெளியே வரும்போது அது நிற்கும் உயரம் நூறு மீட்டர் அளவுதான். தன் மொத்த இறக்கத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், பயணத்தின் முதல் கால்பங்கிலேயே இறங்கி முடித்துவிடுகிறது. மீதமுள்ள நூறு கிலோமீட்டருக்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் சரிந்தபடி, வயலுக்கும் குளத்துக்கும் ஊருக்கும் நடுவே நடக்கிறது.

ஆற்றின் வடிநிலம் எவ்வளவு பெரியது என்று கேட்டால், கணக்கிடும் முறைக்கு ஏற்ப 4,400 சதுர கிலோமீட்டரிலிருந்து 6,000 வரை விடை கிடைக்கும். இந்த எண் எதுவானாலும் அதை நம்பி ஆற்றைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. வரைபடத்தில் வடிநிலம் என்று ஒரே நிறத்தில் தீட்டப்படும் பரப்பில் பெரும்பகுதி ஆற்றிடமிருந்து தண்ணீர் வாங்கும் நிலம். ஆற்றுக்குத் தண்ணீர் தரும் நிலம் மேற்கு ஓரத்தில் ஒடுங்கிய ஒரு மலைப்பட்டை மட்டுமே.

எளிய கணக்கு ஒன்று போதும். பாளையங்கோட்டையில் ஆண்டுக்கு விழும் மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியது. மாஞ்சோலை, கக்காச்சி போன்ற மேல்மலைப் பகுதிகளில் அது 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மழையில் வித்தியாசம் நான்கு மடங்குதான். ஆனால் ஆற்றுக்கு வந்து சேரும் நீரில் வித்தியாசம் அதைவிட எவ்வளவோ பெரிது. சமவெளியில் விழும் 700 மில்லிமீட்டரைக் காய்ந்த மண்ணும் பயிரும் வெயிலும் குளங்களும் சேர்ந்து ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிடும். மலையில் மரங்களும் மண்ணும் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டி எடுத்துக்கொண்டாலும் மிச்சம் ஓடைக்கு வந்துவிடும். பெருமழை நாட்களை விட்டுவிட்டுப் பார்த்தால், திருநெல்வேலியில் பெய்யும் மழை திருநெல்வேலிப் பாலத்தடியில் ஓடுவதில்லை. அங்கே ஓடுவது ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை.

அந்த மலைப்பட்டையின் மேற்கு எல்லை, அதாவது நீர் பிரியும் முகடு, அகத்தியமலையின் 1,868 மீட்டர் உச்சியை ஒட்டிச் செல்கிறது. இதே உச்சியின் மறுபுறம் விழும் துளி நெய்யாற்றில் இறங்கி அரபிக்கடலுக்குப் போகிறது. முகட்டின் கோடு தெற்கே வரவர இன்னும் விசித்திரமாகிறது. மணிமுத்தாறிலிருந்து ஏறும் மலைச்சாலை மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து மேல் கோதையாற்றில் முடிகிறது. பேருந்தில் போகிறவருக்கு எந்த இடத்திலும் எல்லையைக் கடந்ததாகத் தோன்றாது. ஆனால் நாலுமுக்கின் நீர் மணிமுத்தாறு வழியே கிழக்குக் கடலுக்கும், மேல் கோதையாற்றின் நீர் பேச்சிப்பாறை அணை வழியே மேற்குக் கடலுக்கும் போகிறது. கோதையாறு பிறகு பரளியாற்றோடு சேர்ந்து குழித்துறையைத் தாண்டித் தேங்காய்ப்பட்டணத்தில் கலக்கிறது. குமரி மாவட்டத்துக்காரர்கள் அந்த ஆற்றையும் தாமிரபரணி என்றுதான் அழைக்கிறார்கள். ஒரே மலைத்தொகுதியிலிருந்து ஒரே பெயரில் இரண்டு ஆறுகள், இரண்டு கடல்களுக்கு.

யானைக்கு இந்தக் கோடு பொருட்டே இல்லை. 2023 ஜூனில் தேனிப் பக்கம் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை கோதையாற்றின் மேற்பகுதியில் முத்துக்குழிவயல் காட்டில் விடப்பட்டது. சில மாதங்களில் அது மாஞ்சோலைத் தோட்டங்களுக்குள் வந்து நின்றது. செய்தித்தாள்களுக்கு அது ஒரு பரபரப்பு. புவியியலாக அதைப் படித்தால், இரண்டு கடல்களைப் பிரிக்கும் முகடு ஒரு யானையின் சாதாரண நடமாட்ட வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பது தெரிகிறது.

மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸும். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருமாறியவை. கடைசிப் பெரிய உருமாற்றம் நடந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இந்தப் பழமை ஆற்றுக்கு எப்படிப் பொருள்படுகிறது என்றால், இப்பாறைக்குள் நீரைத் தேக்கிவைக்கும் துளைகள் இல்லை. நீர் தங்குவதெல்லாம் பாறையின் விரிசல்களிலும், மேலே சிதைந்து மண்ணான அடுக்கிலும்தான். அந்த அடுக்கு அரித்துப் போனால் மலை வெறும் கூரையாகிவிடும். பெய்தது பெய்த கையோடு வழிந்துவிடும்.

வடக்கே, தென்மலைக்கும் செங்கோட்டைக்கும் இடையில், இந்த மலைச்சுவர் தாழ்ந்து ஒரு கணவாய் ஆகிறது. அச்சன்கோவில் வெட்டு மண்டலம் எனப் புவியியலாளர் குறிக்கும் பழைய நொறுங்கல் கோடு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக இப்பகுதியை ஊடறுத்துச் செல்கிறது. நொறுங்கிய பாறை எளிதில் அரிபடும். அப்படித் தாழ்ந்த வழியாகத்தான் கொல்லம் ரயில் போகிறது, சரக்கு லாரி போகிறது, ஜூன் மாதத்தில் தென்மேற்குக் காற்றும் வருகிறது. தென்காசிக்காரர்கள் 'சாரல்' என்று கொண்டாடுவது இந்தக் கணவாயின் வழியே கசியும் கேரளத்து மழையைத்தான். குற்றாலத்தில் அருவி விழ அது போதும். அருவி நீர் சிற்றாறாகித் தென்கிழக்கே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியைச் சேர்கிறது. பள்ளு இலக்கியங்களில் பெயர்பெற்ற முக்கூடற்பள்ளின் முக்கூடல் இந்த இடம்தான். தாமிரபரணியும் சிற்றாறும் கயத்தாறும் கூடும் ஊர்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த ஆறு ஒரு முரணாகத் தோன்ற வேண்டும். கிழக்குச் சரிவில் பிறந்த ஆறு எப்படிக் கோடையிலும் ஓடுகிறது? விடை காரையாற்றின் அமைப்பில் இருக்கிறது. பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு ஆகிய துணை ஓடைகள் சேரும் உட்பள்ளத்தாக்கு, முகட்டுக்கு மிக நெருக்கமாக, அதன் முதுகிலேயே அமைந்திருக்கிறது. கேரளத்தின் பக்கம் மோதி எழும் தென்மேற்கு மேகம் முகட்டைத் தாண்டியவுடன் வற்றிவிடுவதில்லை. சில கிலோமீட்டருக்கு அதன் மழை கிழக்கே சிந்துகிறது. அந்தச் சில கிலோமீட்டரில்தான் காரையாறு இருக்கிறது. சமவெளியை அடையும்போது அதே காற்று ஈரமிழந்து, ஆடி மாதத்தில் புழுதி கிளப்பும் வறண்ட மேல்காற்றாகிவிடுகிறது. அம்பாசமுத்திரத்தில் நின்று ஜூலையில் மேற்கே பார்த்தால் மலை கறுத்து மூடியிருக்கும். தலைக்கு மேலே வெயில் அடிக்கும்.

அக்டோபர் வந்ததும் காற்று திரும்புகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலிலிருந்தும் மன்னார் வளைகுடாவிலிருந்தும் ஈரத்தோடு வரும்போது, தட்டையான சமவெளியில் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை. முதல் தடுப்பே இந்த மலைதான், அதுவும் படிப்படியாக உயராமல் சமவெளியிலிருந்து சுவராக எழுந்து நிற்பது. மாஞ்சோலை முகடு கிழக்கே நீண்டு கிடப்பதால் காற்று அதில் நேராக மோதுகிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் தமிழகத்தின் அதிக மழைப்பதிவுப் பட்டியலில் நாலுமுக்கும் ஊத்தும் அடிக்கடி முதலிடங்களில் வருவது இதனால்தான்.

இப்படி இரண்டு பருவங்கள் ஒரே வடிநிலத்தில் விழுந்தாலும், எல்லா ஓடைகளுக்கும் சமமாக விழுவதில்லை. சிற்றாறு முதலில் விழித்துக்கொள்ளும் ஓடை. ஜூனில் குற்றாலம் விழுந்தால் அதற்கு நீர் உண்டு. மணிமுத்தாறு வடகிழக்குக்காகக் காத்திருக்கும். தென்மேற்கில் அதன் அணை பெரும்பாலும் மெலிந்துதான் கிடக்கும். களக்காட்டு மலையில் பிறந்து தருவைப் பக்கம் ஆற்றில் சேரும் பச்சையாறும் அப்படியே. காரையாறு மட்டும் இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. தாமிரபரணிக்கு 'வற்றாத ஆறு' என்ற பெயர் வந்தது இந்த ஒரு பள்ளத்தாக்கால் என்று சொன்னால் மிகையாகாது.

நெல்லைச் சீமையின் வேளாண் நாட்காட்டி இந்த இரு பருவமழைகளின் நகல். ஜூனில் நட்டு செப்டம்பரில் அறுப்பது கார். அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பது பிசானம். காவிரிப் படுகைக்காரர் குறுவை, சம்பா, தாளடி என்று பேசும்போது, இங்கே கார், பிசானம் என்பார்கள். கார் முழுக்க முழுக்கத் தென்மேற்கின் பயிர், அதாவது விளைகிற இடத்தில் பெய்யாத மழையின் பயிர். வானம் பார்த்து நடுவதில்லை, மலை பார்த்து நடுவார்கள். பிசானம் மலை மழையும் குளத்து மழையும் சேர்ந்து விளைவிப்பது. அதனால் அதுவே பெரும்போகம்.

மலை எப்படி நீரை உடனே விட்டுவிடாமல் பிடித்து வைக்கிறது என்பதை மேலிருந்து கீழே இறங்கிப் பார்க்கலாம். உச்சியில் புல்வெளியும் குட்டைச் சோலையும். அதற்குக் கீழே, கக்காச்சிப் பகுதியில், வெடிப்பலா ஓங்கி நிற்கும் பசுமைமாறாக் காடு. சிங்கவால் குரங்கு அதன் பூவையும் விதையையும் தின்று காலந்தள்ளும் மரம் அது. அந்தக் காட்டின் தரையில் இலைச்சருகு அடர்ந்து, மண் கறுத்து, காலை வைத்தால் அமுங்கும். மழைத்துளி இங்கே மண்ணைத் தாக்குவதற்கு முன் மூன்று நான்கு அடுக்கு இலைகளில் உடைந்துவிடுகிறது. இன்னும் கீழே, 200-300 மீட்டர் உயரத்தில், முண்டந்துறை மேட்டுநிலம். திடீரென்று காடு வறண்டுவிடும். இலையுதிர் மரங்களும் முள்ளும் மானும். மேலே பார்த்த மழைக்காடு இங்கிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம்தான். இந்தியாவில் இத்தனை குறுகிய இடைவெளியில் இத்தனை கூர்மையாக மழை மாறும் இடங்கள் அதிகமில்லை.

1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாயின. இரண்டும் இணைந்து 1988-இல் புலிகள் காப்பகமானது, தமிழகத்தின் முதலாவது. புலிக்காகக் காத்த காடு என்று பெயர். உண்மையில் காப்பாற்றப்பட்டது கார் சாகுபடி. இங்கே காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உண்டு. இஞ்சிக்குழிக்குப் போக வேண்டுமானால் காரையாறு அணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடக்க வேண்டும். அணை எழும்பி நீர் தேங்கியதில் மலைக்குள்ளேயே தீவுபோல் ஆன ஊர் அது.

காட்டின் நடுவே தேயிலை வந்த கதை தனி. சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டை 1929-இல் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அதில் ஒரு பகுதியே தோட்டமாயிற்று. மீதி காடாகவே நின்றது. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்ட தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியடி நடத்தி ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் இறந்தார்கள். தாமிரபரணி என்றதும் இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நாள்தான். ஆற்றின் புவியியலை எழுதுகிறவர் அதைத் தாண்டிப் போய்விட முடியாது. 2028-இல் முடிய வேண்டிய குத்தகையை நிறுவனம் முன்கூட்டியே விட்டு விலக 2024-இல் முடிவு செய்தது. நான்கு தலைமுறையாக மலையில் இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும், தேயிலைப் புதர் மீண்டும் காடாக எத்தனை காலம் ஆகும் என்ற கேள்வியும் ஒன்றாக எழுந்தன. இரண்டாவதற்கு மட்டும் நீரியல்காரர் பதில் தேடலாம். முதலாவது அரசாங்கத்தின் கடன்.

மலையின் செங்குத்தான இறக்கம் தொழிலதிபர் கண்ணுக்கு முதலில் பட்டது 1880-களில். ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் அருவியின் விசையைக் கொண்டே நூற்பாலையை ஓட்டினார்கள்; விக்கிரமசிங்கபுரம் ஆலை ஊரானது அப்படித்தான். 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்காகக் காரையாற்றில் கட்டிய அணையைத்தான் ஊரார் பாபநாசம் மேலணை என்கிறார்கள்: 143 அடி, 5,500 மில்லியன் கன அடி. பாணதீர்த்த அருவி இன்று விழுவது அந்த அணையின் தேக்கத்துக்குள். 1958-இல் மணிமுத்தாறு அணை: 118 அடி, 5,511 மில்லியன் கன அடி. 1980-களில் சேர்வலாறு: 156 அடி உயரமிருந்தும் கொள்ளளவு 1,225 மில்லியன் கன அடிதான், ஏனென்றால் பள்ளத்தாக்கு அவ்வளவு குறுகல். சேர்வலாறும் காரையாறும் சுரங்கவழியால் இணைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றையும் கூட்டினால் 12 டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். மேட்டூர் ஒன்றே 93 டி.எம்.சி. பிடிக்கும். இந்த அற்பச் சேமிப்பை வைத்துக்கொண்டுதான் இருபோகப் பாசனமும் பல மாவட்டங்களின் குடிநீரும் நடக்கின்றன.

ஆகவே ஏப்ரலில் திருநெல்வேலியின் சுலோச்சன முதலியார் பாலத்தடியில் ஓடும் நீரைப் பார்த்து மலையின் கருணை என்று மட்டும் சொல்வது சரியல்ல. அதில் ஒரு பங்கு காட்டின் கசிவு. மறுபங்கு நவம்பரில் தேக்கி, குடிநீருக்கும் மின்சாரத்துக்குமாக மதகு வழியே அளந்து விடப்படுவது. மதகை மூடினால் எந்தப் பங்கு எவ்வளவு என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

பாபநாசத்துக்குக் கீழே ஆற்றின் புவியியலை மலை எழுதவில்லை, மனிதர்கள் எழுதினார்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என ஏழு அணைக்கட்டுகள் பிரிட்டிஷார் வருவதற்கு முன்பே ஆற்றின் குறுக்கே கிடந்தன. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870-களில் அவர்கள் கட்டி முடித்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கால்வாயோ இரண்டோ பிரியும்: கன்னடியன் கால்வாய், அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய், பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய், மருதூரில் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். மொத்தப் பாசனம் 86,000 ஏக்கருக்கு மேல்.

இந்த அமைப்பை ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் புரியாது. சரிவோ கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். கால்வாயை அதைவிடச் சற்றே குறைந்த சரிவில் வெட்டினால், போகப் போக அது ஆற்றைவிட உயரத்தில் நிற்கும். ஆற்றுக்கும் கால்வாய்க்கும் இடையிலுள்ள நிலம் முழுதும் பாசனத்துக்கு வந்துவிடும். கால்வாய் நேராக வயலுக்குப் போகாமல் வழியில் குளங்களை நிரப்புகிறது. குளத்தின் மடை வயலுக்கு, மறுகால் அடுத்த குளத்துக்கு, கடைசிக் குளத்தின் மிச்சம் மறுபடி ஆற்றுக்கு. மேல் அணைக்கட்டின் வயலில் கசிந்தது கீழ் அணைக்கட்டில் பிடிபடும். ஒரே தண்ணீர் பலமுறை கணக்கில் வருகிறது. பொறியாளர்கள் இதைப் 'பாசனத் திறன்' என்ற சொல்லால் அளக்கும்போது, கசிவை இழப்பு என்று எழுதுவார்கள். தாமிரபரணியில் ஒருவர் இழப்பு இன்னொருவர் வரவு. கால்வாய்க்கெல்லாம் சிமெண்டு பூசும் திட்டங்களை நான் ஐயத்தோடு பார்ப்பது இந்த ஒரு காரணத்தால்.

அதே பாசனக் கோடு எங்கே ஏறவில்லை என்பதும் வரலாறு சொல்லும். ஸ்ரீவைகுண்டத்துக்கு எதிர்க்கரையில் ஆதிச்சநல்லூர். ஜாகோர் 1876-இலும், அலெக்சாந்தர் ரீ 1899 முதல் 1905 வரையும் முதுமக்கள் தாழிகளைத் தோண்டியெடுத்த மேடு, சரளைக்கல் நிறைந்த வறண்ட பரம்பு. கையெட்டும் தூரத்தில் ஆறும் நஞ்சையும் இருக்க, நீர் ஏறாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கினார்கள். விளைநிலத்தின் விலையை அந்தக் காலத்திலேயே துல்லியமாக அறிந்த சமூகம் அது.

கழிமுகத்தில் ஆறு தன் மண்ணாலேயே கடலைப் பின்தள்ளியிருக்கிறது. தாலமி குறிப்பிடும் கொற்கை, பாண்டியரின் முத்துத்துறை, இன்று கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயலுக்கு நடுவில் கிடக்கும் கிராமம். துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டு போய்ப் பழையகாயல் ஆனது. மார்க்கோ போலோ கண்ட காயல் அதுதான் என்று கால்டுவெல் கொற்கைப் பகுதியைத் தோண்டிப் பார்த்துவிட்டு வாதிட்டார். அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயல். மூன்று துறைமுகங்களின் வரிசையை வரைந்தால் கழிமுகம் வளர்ந்த பாதை கிடைத்துவிடும். இப்போது மணல் மேலே மூன்று அணைகளில் நின்றுவிடுகிறது. கீழே வந்த பழைய மணலையும் லாரிகள் அள்ளிப் போயின. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. மணல் போன ஆற்றுப்படுகையில் பாறையும் களிமண்ணும் வெளியே தெரிகின்றன, சீமைக்கருவேலம் முளைக்கிறது, கோடையில் ஊற்றுத் தோண்டினால் நீர் கிடைக்கும் ஆழம் இறங்கிவிட்டது.

இனி, வடிநிலத்தின் இரண்டு முனைகளில் பெய்த இரண்டு மழைகள்.

1992 நவம்பர் நடுவில் மாஞ்சோலை மலையின் கக்காச்சியில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் மழை பதிவானது. வெள்ளம் மலையிலிருந்து இறங்கி பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கங்களில் உயிர்களை வாரிச் சென்றது. 31 ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 17-18 தேதிகளில், ஆற்றின் மறுமுனையில், கழிமுகத்தையொட்டிய காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர். இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர். இடம் மட்டும் முற்றிலும் வேறு. விளைவும் முற்றிலும் வேறு.

மலையில் பெய்தால் அது ஓடைவழி இறங்கி, அணையில் ஒரு பகுதி நின்று, சில மணி நேரம் கழித்து ஊரை அடையும். எச்சரிக்க அவகாசம் உண்டு, கையாள மதகு உண்டு. கடலோரத்தில் பெய்ததற்கு இரண்டுமே இல்லை. 100 சதுர கிலோமீட்டரில் 95 சென்டிமீட்டர் மழை என்றால் 3.3 டி.எம்.சி., பாபநாசம் அணையின் கொள்ளளவில் பாதிக்கும் மேல். அது விழுந்தது எந்த அணைக்கும் கீழே, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவில்லாத களிமண் தரையில், கரைவரை நிரம்பியிருந்த குளங்களின் மேல். ஒரு குளம் உடைந்தால் மறுகால் வழியே அடுத்தது உடையும். நூற்றாண்டுகளாக நீரைப் பங்கிட்ட சங்கிலி, அந்த இரவில் உடைப்பைப் பங்கிட்டது. மலையிலும் அதே வேளை கனமழை பெய்ததால் மேலிருந்து வந்த ஆற்றுவெள்ளம் ஸ்ரீவைகுண்டத்திலும் ஏரலிலும் இதன்மேல் ஏறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது.

அணையை முன்கூட்டியே திறந்திருக்க வேண்டும் என்று அப்போது சிலர் சொன்னார்கள். ஏன் அவ்வளவு திறந்தார்கள் என்று வேறு சிலர் கேட்டார்கள். இரண்டு வாதங்களும் வெள்ளம் மலையிலிருந்துதான் வரும் என்ற பழைய அனுபவத்தில் நிற்பவை. 1992-ஐப் பார்த்தவர்கள் 2023-ஐ அதே கண்ணால் பார்த்தார்கள். ஆற்றுக்குத் தண்ணீர் தராத நிலம் என்று இக்கட்டுரை முதலில் ஒதுக்கிய சமவெளி, ஒரே ஒரு நாளுக்கு வடிநிலத்தின் மிகப் பெரிய நீர்பிடிப்பாக மாறிவிட்டது. ஆண்டுச் சராசரியில் சரியான படம் ஒரு நாள் கணக்கில் தலைகீழாகிறது. பாசனத்துக்கு ஒரு வரைபடமும் வெள்ளத்துக்கு இன்னொரு வரைபடமும் வேண்டும். இப்போதைக்கு நம்மிடம் புழக்கத்தில் உள்ளது முதலாவது மட்டுமே.

இதற்கிடையில் ஆற்றின் நீர் வடிநிலத்தை விட்டு வெளியேறும் வழிகள் கூடிக்கொண்டே போகின்றன. சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வைப்பாற்று வடிநிலத்தின் கோவில்பட்டிக்குக் குடிநீர் போகிறது. விருதுநகர் மாவட்டமும் பங்கு கேட்டு வாங்குகிறது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன் எடுக்கும் 20 எம்.ஜி.டி. திட்டம் 1970-களிலிருந்து உண்டு. கடைமடை விவசாயிகளுக்கும் அந்தத் திட்டத்துக்கும் உள்ள வழக்கும் ஏறக்குறைய அதே வயது. மணிமுத்தாற்றின் பிரதானக் கால்வாய் நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்து வறண்ட குளங்களுக்குப் போகிறது. கூந்தன்குளத்தில் நாரைகள் கூடு கட்டுவது அந்த நீர் வந்த ஆண்டுகளில்தான் களைகட்டும்.

கடைசியாக வந்தது தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பு. 2009-இல் தொடங்கிய இந்த வெள்ளநீர்க் கால்வாய், கன்னடியன் அணைக்கட்டிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல் தெற்கும் கிழக்குமாகப் போய்ச் சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிக்காட்டுப் பகுதிவரை உபரிநீரைக் கொண்டுசெல்வதற்கானது. கடலில் வீணாகும் நீரைத் திருப்புவது என்பது அதன் நியாயம். கழிமுகத்தின் அலையாத்திக்கும் மீனுக்கும் போகும் நன்னீரை வீண் என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை என்றாலும், ராதாபுரத்து, சாத்தான்குளத்துக் கிணறுகளைப் பார்த்தவர் அந்தக் கால்வாயை எதிர்க்கவும் மாட்டார். ஆனால் வெள்ளத்துக்கு மருந்து என்று அதைச் சொல்லும்போது கவனம் வேண்டும். கால்வாயின் தலைமதகு கன்னடியனில், மலையடிவாரத்தில் இருக்கிறது. 1992-இன் வெள்ளம் போன்ற ஒன்றில் அது ஒரு பங்கைத் திருப்பும். 2023-இன் மழையோ தலைமதகுக்கு எழுபது எண்பது கிலோமீட்டர் கீழே விழுந்தது. கால்வாய் நீரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய சாத்தான்குளத்திலும் கருமேனியாற்றிலும் அன்றைக்கு வெள்ளம் கரைமீறி ஓடிக்கொண்டிருந்தது.